கீழ்வீட்டுப் பர்மாக்காரர்

அம்மா கோப்பன்ஹேகனுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கோடைக்காலம் என்பதால் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து நின்றாள்.

“கீழ யாருடி இருக்கா?”

“ஒரு வயசான டேனிஷ் அம்மா. ஒரு ரூமை வாடகைக்கு விட்டிருக்காங்க. அந்த ஆளுதான் பால்கனியில நின்னு போன் பேசறாரு.”

“எந்த ஊர்க்காரன்?”

“தெரியலை. தாய்லாந்தோ பிலிப்பைன்ஸோ.”

“பர்மாக்காரன்,” என்றாள் அம்மா.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா ரங்கூனில் பிறந்தவள் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டு வயதில் கப்பலில் வந்து சென்னையில் இறங்கி, முகாமில் இருந்துவிட்டு, பிறகு வியாசர்பாடியில் வளர்ந்தவள். ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு பர்மியச் சொல்லை நான் கேட்டதில்லை. மறந்துபோயிருக்கும் என்றே நினைத்திருந்தேன். “வாம்மா, கீழ போய் அறிமுகப்படுத்தறேன். உன்கூட பேச ஒரு ஆள் கிடைச்ச மாதிரி இருக்கும்,” என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கையில் எண்ணெய் இருந்தது.

“எனக்கு அந்த பாஷை தெரியும்னு அவன்கிட்ட சொல்லித் தொலைச்சுடாத. காதுக்குத் தெரிஞ்சது வாய்க்குத் தெரிய வேண்டாம்.”

அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நாற்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒல்லியானவர். ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. காலையில் நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அவர் சைக்கிளைச் சுவரோரம் துடைத்துக்கொண்டிருப்பார். படிக்கட்டில் பார்த்தால் “ஹை” என்பார், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை என் புது அலமாரிப் பலகைகளை மூன்றாவது மாடிவரை தூக்கி வந்து கொடுத்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். தனியாக இருப்பவள் நான். இப்படி ஒருவர் கீழே இருப்பது நல்லது என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அடுத்த சில நாட்கள் அம்மாவின் சமையல் அவருடைய போன் பேச்சை ஒட்டியே நடந்தது. அவர் பால்கனிக்கு வரும் சத்தம் கேட்டால் இவள் குழாயை மூடுவாள். குக்கர் விசில் வந்தால் எரிச்சலடைவாள். நான் வேலை முடிந்து வந்ததும் அன்று கேட்டதைச் சொல்வாள். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள், நம் தமிழ் அவருக்குப் புரிந்துவிடும் என்பதுபோல.

“இன்னிக்கு யாரோ ஒருத்தன்கிட்ட ‘ஹொக்கே போஜீ, ஹொக்கே போஜீ’ன்னான். அப்படின்னா என்ன தெரியுமா? ஆமாங்க கேப்டன். போஜீன்னா கேப்டன்.”

“கப்பல் கேப்டனா இருக்கும்மா. பர்மாவிலேர்ந்து நிறைய பேர் கப்பல் வேலைக்கு வர்றாங்களே.”

“கப்பல் இல்ல. மிலிட்டரி. கப்பல்காரன்கிட்ட எவனும் அப்படி நிமிர்ந்து நின்னு பேச மாட்டான். எட்டிப் பார்த்தேன். போன்ல பேசறான், உடம்பு விறைப்பா நிக்குது.”

எனக்கு அப்போதும் சிரிப்புத்தான் வந்தது. மறுநாள் அவள் சொன்னதைக் கேட்டபோது வரவில்லை. “நம்மளப் பத்திப் பேசினான். மாடியில ரெண்டு கலா பொம்பளைங்க இருக்காங்கன்னு சொன்னான்.”

நம் ஊரில் கலா என்பது பெண் பெயர். அங்கே அது நம்மைப் போன்ற இந்தியர்களைக் குறிக்கும் சொல். அம்மா விளக்கினாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் அது வெறும் அடையாளம். கோபத்தில் சொன்னால் வசவு. ராணுவக்காரன் சொன்னால் அதற்கு அடுத்தபடியாக என்ன நடக்கும் என்று தெரியாது.

“இவன் எப்படிச் சொன்னான்?”

அம்மா யோசித்தாள். “சாதாரணமாத்தான் சொன்னான். அதுதான் புரியலை.”

அன்று சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ரங்கூன் கடையைப் பற்றி முழுதாகச் சொன்னாள். அவளுடைய அப்பாவுக்குப் பூட்டு, ஆணி, கயிறு விற்கிற கடை. ராணுவம் ஆட்சியைப் பிடித்து இரண்டு வருடம் கழித்து, கடைகளெல்லாம் இனி அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று அறிவித்தார்கள். ஒரு நாள் காலை சிப்பாய்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் வந்து அவள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். இன்னொருவன் அலமாரியிலிருந்து ஒரு பெரிய பூட்டை எடுத்தான்.

“எங்க கடைப் பூட்டையே எடுத்து எங்க கடைக்குப் போட்டான்டி. அப்பா, அது நல்ல பூட்டு, சாவியைத் தொலைச்சுடாதீங்கன்னு அவன்கிட்ட சொன்னாரு. பழக்கதோஷம்.”

வீட்டில் அரிசி டிரம்முக்கு அடியில் கொஞ்சம் நகையை ஒளித்து வைத்திருந்தார்களாம். சிப்பாய்கள் வீட்டுக்கு வந்தபோது வேறெங்கும் தேடாமல் நேராக டிரம்மைக் கவிழ்த்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு பர்மியப் பெண் இருந்தாள். அம்மாவுக்குத் தலைவாரிப் பூ வைத்து விடுகிறவள். அவள்தான் காட்டிக்கொடுத்தாள் என்பது அம்மாவின் முடிவு.

“அவதான்னு எப்படிம்மா தெரியும்?”

“வேற யாருக்கும் தெரியாதே.”

“சிப்பாய்ங்களே யூகிச்சிருக்கலாம். எல்லா வீட்லயும் அரிசி டிரம்முலதான் ஒளிப்பாங்க.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் அந்தப் பெண்ணின் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்பதுபோல ஒரு வெறுப்பு இருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் சோதனைக்காரி ஒருத்தி நகை இருக்கிறதா என்று அவளுடைய சடைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்ததையும் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாள்.

அதன் பிறகு எனக்கும் அந்த ஆளைப் பார்க்கும் பார்வை மாறியது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால், ஏன் நிற்கிறார் என்று தோன்றியது. அலமாரிப் பலகையைத் தூக்கி வந்த அன்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாரா என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறையில் ஒருநாள் தற்செயலாகச் சந்தித்தோம். “உங்கள் அம்மா எந்த ஊர்?” என்று டேனிஷில் கேட்டார். இந்தியா என்றேன். “இந்தியாவில்?” என்றார். சென்னை என்று சொல்லிவிட்டு, இன்னும் பத்து நிமிடம் ஓட வேண்டிய துணியை ஈரத்தோடு எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

எதிர்வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் டென்மார்க்கில் இருப்பவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ஓம் தங்கச்சி, நானும் கவனிச்சனான். சிரிப்பார். ஆனா ஒருநாளும் நிண்டு கதைக்க மாட்டார்,” என்றார். ராணுவம் என்றதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “ஆமியில இருந்த ஆள் எண்டால் கவனமா இருங்கோ. ஓடி வாறவனும் இருக்கிறான், அனுப்பி வாறவனும் இருக்கிறான். ரெண்டு பேரும் ஒரே கதையைத்தான் சொல்லுவினம்.”

“இங்க வந்து என்னக்கா பண்ணப் போறாங்க?”

“படம் எடுப்பினம். எங்கட ஆக்களுக்குள்ளயே பாத்தனாங்கள்தானே. இஞ்சை ஒரு ஊர்வலம் போகும், ஆரோ ஒருத்தன் ஓரத்தில நிண்டு படம் எடுப்பான். பிறகு அங்கை அண்ணன்ர வீட்டுக்கு ஆமி போகும்.”

அந்த ஜூலை மாதக் கடைசியில்தான் பர்மாவில் சிறையிலிருந்த நான்கு பேரைத் தூக்கில் போட்ட செய்தி வந்தது. முந்தைய வருடம் பிப்ரவரியில் ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்ததையும், ஜனங்கள் வீட்டு வாசலில் நின்று பாத்திரங்களைத் தட்டி எதிர்ப்புக் காட்டியதையும் நான் செய்தியாக மட்டுமே பார்த்திருந்தேன். அம்மா அப்படிப் பார்க்கவில்லை. தூக்குச் செய்தி வந்த அன்று கீழே பால்கனியில் பேச்சே கேட்கவில்லை என்றாள். அது அவளுக்குப் பேச்சு கேட்டதைவிட அதிக சந்தேகத்தைத் தந்தது.

அந்தச் சனிக்கிழமை கோப்பன்ஹேகன் நகர மண்டபத்தின் முன்னால் உள்ள சதுக்கத்தில் பர்மியர்கள் கூடுகிறார்கள் என்று அக்காதான் பேஸ்புக்கில் பார்த்துச் சொன்னார். அம்மா போக வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, “சும்மா, ஒரு ஓரமா நின்னு பாக்கலாம்,” என்றாள். புடவை மேல் என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கூட்டம் பெரிதல்ல. எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரல்களை உயர்த்திக்கொண்டு ஆண்களும் பெண்களும் நின்றார்கள். தூக்கிலிடப்பட்டவர்களின் படங்களைச் சிலர் பிடித்திருந்தார்கள். ஒரு மாணவிபோலத் தெரிந்த பெண் ஒலிபெருக்கியில் பேசினாள். சுற்றுலாப் பயணிகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே கடந்து போனார்கள். அம்மா பேச்சைக் கேட்கவில்லை. கூட்டத்தின் ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதோ,” என்றாள்.

சதுக்கத்தின் மறுபக்கத்தில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி அவர் நின்றிருந்தார். கூட்டத்தோடு சேரவில்லை. போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பினார். வரிசையில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் அது கடந்து போனது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒலிபெருக்கிப் பெண்ணிடமா, போலீஸிடமா என்று தீர்மானிப்பதற்குள் அம்மா நடக்க ஆரம்பித்துவிட்டாள். மூட்டுவலிக்காரி அவ்வளவு வேகமாக நடப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் ஓடினேன்.

அவர் முன்னால் போய் நின்று அம்மா பர்மிய மொழியில் எதையோ கேட்டாள். அவர் போனைக் கீழே விடாமல் பிடித்தது அதிர்ஷ்டம். பிறகு, அந்த இடத்தில் அந்த நேரத்தில் நான் எதிர்பார்க்காத விதமாக, அவருடைய உதட்டில் ஒரு சிரிப்பு வரப்பார்த்தது. அதை அடக்கிக்கொண்டார்.

அங்கே என்ன பேசினார்கள் என்பதை அம்மா எனக்குப் பிறகு சொன்னாள். ஆகவே நான் எழுதுவது அவள் சொன்னது. அவளுடைய பர்மிய மொழி பன்னிரண்டு வயதோடு நின்றுபோனது. வளர்ந்த ஆண்களை அந்த வயதில் அவள் ‘ஊலே’ என்றுதான் அழைத்திருக்கிறாள். மாமா என்று அர்த்தம். சின்னப் பெண்கள் தன்னைச் சொல்லும்போது ‘மகள்’ என்று சொல்வார்களாம். வேறு மாதிரிச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. எழுபதை நெருங்கிய அம்மா அந்த நாற்பது வயது மனிதரிடம் கேட்டது இதுதான்: “மாமா, மகள் கேக்கறேன், இதை யாருக்கு அனுப்பறீங்க?”

அவர் போனைத் திருப்பி அவளிடம் காட்டினார். பதிவு அல்ல, நேரடி வீடியோ அழைப்பு. மறுமுனையில் படம் இருட்டாக இருந்தது. யாரோ கேமராவை விரலால் மூடியிருந்தார்கள்.

“போஜீக்கு,” என்றார் அவர்.

“அப்ப இவங்க முகத்தைக் காட்டாதீங்க. முதுகைக் காட்டுங்க.”

அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். பிறகு போனில் ஏதோ சொல்லி அழைப்பைத் துண்டித்து, போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா நடுவில் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல, எனக்குத் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னாள். ஆம், அவர் ராணுவத்தில் இருந்தவர். ஊரில் வேறு வேலை இல்லாததால் பதினேழு வயதில் சேர்ந்தவர். புத்த பிக்குகள் ரங்கூன் தெருக்களில் ஊர்வலம் போன வருடம், அவர்களுக்கு எதிரே துப்பாக்கியோடு நிறுத்தப்பட்ட வரிசையில் இவரும் இருந்தார். சுடச் சொல்லி உத்தரவு வந்தது. இவர் வானத்தைப் பார்த்துச் சுட்டார். பின்னால் நின்ற அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். ஆனால் மேலிடத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார். சில வாரங்களில் தப்பித்துத் தாய்லாந்து, மலேசியா என்று பல வருடம் அலைந்து, கடைசியில் ஐக்கிய நாடுகள் சபை மூலமாக டென்மார்க் வந்து சேர்ந்தார். அந்த அதிகாரி இப்போது கேப்டன். இன்னும் ராணுவத்துக்குள்ளேதான் இருக்கிறார்.

“வெளியே வந்துடுங்கன்னு சொல்லத்தான் கூப்பிடறேன். அடுத்த மாசம் அடுத்த மாசம்னு சொல்றார். இங்க எத்தனை பேர் நிக்கறாங்கன்னு பாத்தா மனசு மாறும்னு நினைச்சேன்.”

அம்மா கேட்டாள்: “எங்க அப்பா நாற்காலியில ஒருத்தன் உக்காந்தான். அவன் யாரு?”

நான் திகைத்துப் போனேன். அவரும்தான். “அம்மா, நான் அப்போது பிறக்கவே இல்லை,” என்றார். முதல்முறையாக அவளை அம்மா என்று அழைத்தார்.

“தெரியும். கேக்கணும்னு தோணிச்சு, கேட்டேன்,” என்றாள்.

வீட்டுக்கு ரயிலில் தனித்தனியாகத்தான் வந்தோம். அவர் அடுத்த ரயிலில் வருவதாகச் சொன்னார். நான் அம்மாவிடம் கேட்டேன், நம்புகிறாயா என்று.

“வானத்தைப் பாத்துச் சுட்டேன்னுதான் எல்லாருமே சொல்லுவாங்க,” என்றாள். “அப்ப பிக்குங்க செத்தது எப்படி?”

எதிர்வீட்டு அக்காவும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். “கதை நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கிறதாலதான் எனக்குப் பயமாக் கிடக்கு. ஒரு ஆமி அதிகாரியோட இண்டைக்கும் கதைக்கிறான் எண்டு அவனே ஒத்துக்கொள்றான். என்ன கதைக்கிறான் எண்டு உங்களுக்கு ஆர் சொல்லுறது? அவனேதான்.”

இரண்டு நாள் கழித்து ஒலிபெருக்கியில் பேசிய பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சதுக்கத்தில் நாங்கள் அவரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அவர் குடியிருக்கும் கட்டிடத்தை விசாரித்து எங்கள் வீட்டையும் கண்டுபிடித்திருக்கிறாள். ஓகூஸ் என்ற இன்னொரு டேனிஷ் நகரத்தின் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், கோடைக்காக இங்கே வந்திருந்தாள். அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து ஓரத்தில் நிற்கிறார், யாரோடும் சேர்வதில்லை, உங்களுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டுக்கொண்டே எங்கள் வீட்டையும் கண்ணால் அளந்தாள். எங்களையும் சந்தேகப்படுகிறாள் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அம்மா தன் சிறுமிப் பர்மிய மொழியில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதும் அந்தப் பெண் விறைத்துப்போய் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். இந்தப் புடவை கட்டிய கிழவிக்கு இந்த மொழி எப்படித் தெரியும் என்ற கேள்வி முகத்தில் அப்படியே தெரிந்தது.

அம்மா தான் கேட்டதை எல்லாம் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கேப்டனோடு பேசுகிறார் என்பதைச் சொன்னாள். ஏன் என்று அவர் சொன்ன காரணத்தையும் சொன்னாள்.

“அவரை எங்களோடு சேர்த்துக்கொள்ளலாமா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“வரட்டும்,” என்றாள் அம்மா. “வந்தா அவன் கையில ஏதாவது கனமா குடுங்க. போன் எடுக்கக் கை இருக்கக் கூடாது.”

அப்படியேதான் செய்தார்கள். அடுத்த கூட்டத்தில் அவர் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு நடுவில் நின்றார். போனை அந்தப் பெண் வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லையாம். அம்மா இதைக் கேட்டுத் தலையாட்டினாள், ஆனால் திருப்தியாகத் தெரியவில்லை. “மறுக்கலையா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஊருக்குக் கிளம்பும்வரை அவள் அவரைப் படிக்கட்டில் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவாள். வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. ஒருநாள் தயிர்சாதம் கேட்டார் என்று ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். டப்பா திரும்பி வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கழுவினாள்.

பனிக்காலத்தில் ஒரு மாலை அவர் என் கதவைத் தட்டினார். ஓகூஸில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது, நாளை கிளம்புகிறேன் என்றார். இன்னொரு செய்தியும் சொன்னார். கேப்டன் வெளியே வந்துவிட்டார், தாய்லாந்து எல்லையில் இருக்கிறார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. போனில் ஒரு படம் காட்டினார். அம்மாவுக்கு என்று ஒரு சின்னப் பொட்டலமும் கொடுத்தார். பர்மாவில் ஊறவைத்துச் சாப்பிடுகிற தேயிலை, லஃபே. அம்மா வர இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றேன். அப்படியானால் நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“கேப்டன் குரலை நீ கேட்டியா?”

“இல்லம்மா. போட்டோ பாத்தேன். லுங்கி கட்டிக்கிட்டு ஒருத்தர் மூங்கில் குடிசை முன்னாடி நிக்கறாரு.”

“லுங்கி கட்டினவனெல்லாம் மிலிட்டரிய விட்டுட்டானா?”

எனக்குக் கோபம் வந்தது. அவர் கண் கலங்கியதைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டாள். வியாசர்பாடித் தெருவில் ஆட்டோ போகிற சத்தம் மட்டும் கேட்டது.

“வந்திருந்தா நல்லதுதான்,” என்றாள் கடைசியில். “அந்தத் தேயிலையை என்ன பண்ணினே?”

“இருக்கு. எப்படிச் சாப்பிடணும்?”

“பூண்டு, வேர்க்கடலை எல்லாம் வறுத்துப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கலந்துக்கோ.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “முதல்ல ஒரு வாய் மட்டும் சாப்பிட்டுப் பாரு. ஒண்ணும் பண்ணலைன்னா மீதியைச் சாப்பிடு.”

அவள் சொன்னபடியே கலந்தேன். புளிப்பும் கசப்புமாக இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை மேசைமேல் வைத்தேன். பாத்திரங்களைக் கழுவி, துணிகளை மடித்து வைத்துவிட்டு வந்து மீதியையும் சாப்பிட்டேன்.